சித்தியின் விளைமண்ணுக்கு எந்தச் சோதனை?

குமரி மாவட்டத்தில் திருவட்டாறுக்குப் பக்கத்தில் சித்திக்கு ஒன்றரை ஏக்கர் விளை, அதாவது மேட்டுத் தோட்டம். மேல்பாதியில் ரப்பர், கீழே ஏத்தன் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி), வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கோழிகள். வடக்கு மூலையை ஒட்டி ஒரு பழைய கிட்டங்கி இடிந்து கிடக்கிறது. எழுபது எண்பதுகளில் உர மூட்டையும் பூச்சிமருந்துப் பொடியும் அங்கேதான் அடுக்கியிருந்தார்களாம். தென்னையில் காண்டாமிருக வண்டுக்கு மணலோடு கலந்து குருத்தடியில் போடும் பி.எச்.சி., கறையானுக்கு ஆல்ட்ரின், எல்லாவற்றுக்கும் டி.டி.டி. கூரை சரிந்தபின் எத்தனையோ இடவப்பாதியும் துலா மழையும் அந்தத் தரையைக் கழுவிவிட்டிருக்கின்றன. கழுவிய தண்ணீர் இறங்குகிற சரிவு சித்தி விளைக்குள்தான் வருகிறது.

"மக்ளே, இந்த மண்ணக் கிண்டித் தின்னுத கோழிக்க முட்டைய பிள்ளைக்குக் குடுக்கலாமா?"

ஓணத்துக்குப் போயிருந்தபோது சித்தி கேட்டாள். பிள்ளை என்றது மூன்று வயதுப் பேத்தியை. பூச்சிமருந்து எச்சம் பார்ப்பதுதான் எனக்கு வேலை. ஆனாலும் உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. எந்தச் சோதனை செய்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று அன்று இரவு உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய கிட்டங்கி, மூடிப்போன மருந்துக்கடை, மருந்து கலக்கிய கிணற்றடி என்று நம் மாவட்டத்தில் பல விளைகளுக்கு இதே கதை இருக்கும். அவர்களுக்கும் உதவட்டும்.

இந்த மருந்துகள் எதுவும் இப்போது கடையில் கிடைக்காது. டி.டி.டி.யை விவசாயத்துக்குப் பயன்படுத்துவது 1989இல் நின்றது. ஆல்ட்ரினுக்கு 1996இல் தடை, பி.எச்.சி.க்கு 1997இல். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011இல் நிறுத்தியது. நிலைத்த கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001இல் உருவாகி 2004இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2006 ஜனவரியில் ஏற்றது. நிலைத்த மாசு என்ற பெயருக்குக் காரணம், இவை மண்ணில் பத்தாண்டுக் கணக்கில் கிடக்கும் என்பதே. உருவம் மட்டும் கொஞ்சம் மாறும். டி.டி.டி. மெல்ல டி.டி.இ. ஆகும். ஆல்ட்ரின் டீல்ட்ரின் ஆகும். பி.எச்.சி. பொடியில் பெரும்பங்கு ஆல்ஃபா வகை; ஆனால் மண்ணில் கடைசிவரை உட்கார்ந்திருப்பது பீட்டா. ஆகவே ஆய்வகத்துக்கு மண் அனுப்புகிறவர் தாய்ப்பொருளை மட்டும் கேட்டால் போதாது, இந்தப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. மண்ணை உலர்த்திச் சலித்து, ஹெக்சேன்-அசிட்டோன் போன்ற கரைப்பானில் சாக்ஸ்லெட் கருவியில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டு, ஒட்டியிருப்பதையெல்லாம் உருவியெடுத்து, பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் பார்ப்பது. விடை கிலோ மண்ணுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். சட்டம் பேசுவதும் இந்தக் கணக்கில்தான். நாளைக்கு அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டி வந்தால் இந்த எண் இல்லாமல் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

சித்தி இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு சோதனை செய்து வைத்திருந்தாள். ஒரு தனியார் ஆய்வகத்தின் ஒற்றைத் தாள். எல்லா மருந்துக்கும் நேரே ‘கண்டறியப்படவில்லை’. எவ்வளவுக்குக் கீழே கண்டறிய முடியாது என்ற எண் தாளில் எங்கும் இல்லை. மண்ணை எத்தனை ஆழத்தில், எந்த மூலையில் எடுத்தார்கள் என்பதும் இல்லை. அந்தத் தாளை நம்பி அவள் இரண்டு வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. சோதனைக்குக் காசு கொடுக்கிறவர்கள் கண்டறியும் எல்லையை எழுதித்தரச் சொல்லி வாங்குங்கள். அது இல்லாத ‘கண்டறியப்படவில்லை’ வெற்றுத்தாள்.

மொத்த அளவுக்கு இன்னொரு குறை உண்டு, அது ஆய்வகத்தின் குற்றமில்லை. கரைப்பானில் கொதிக்கவைத்தால் மண்ணை விட்டு வருவது வேறு. மழைத்தண்ணீருக்கும் வேருக்கும் மண்புழுவுக்கும் மண் விட்டுக்கொடுப்பது வேறு. அடுப்புக்கரி, சாம்பல், இலைமட்கு நிறைந்த மண் இந்த மருந்துகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். குளச்சல் பக்கத்துக் கடற்கரை மணலில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. கிலோவுக்கு ஒரே அளவு டி.டி.இ. இரண்டிலும் இருந்தாலும், மணலில் வாழும் புழுவின் உடம்பில் பல மடங்கு ஏறும். மொத்த அளவு இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

இங்கேதான் பாசிவ் சாம்ப்ளர் வருகிறது. பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் எளிது: ஒரு துண்டு பிளாஸ்டிக் படலம். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. மண்ணோடு ஈரத்தில் கிடக்கும்போது, தண்ணீரில் தனித்துக் கரைந்து நடமாடும் மருந்து மட்டும் மெல்ல அதற்குள் ஊறும். மண்ணும் தண்ணீரும் படலமும் சமநிலைக்கு வந்தபின் படலத்தை எடுத்து அளந்தால், தண்ணீரில் எவ்வளவு என்பதைப் பின்னோக்கிக் கணக்குப் போடலாம். படலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே ஒவ்வொரு மருந்தும் எந்த விகிதத்தில் பிரிந்து நிற்கும் என்பது முன்பே அளந்து வெளியிடப்பட்டிருக்கிறது.

கணக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கும். 25 மைக்ரான் பாலித்தீன், அதாவது தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாதது. இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் ஏறக்குறைய 9 மில்லிகிராம் இருக்கும். டி.டி.இ.க்குப் படலம்-தண்ணீர் விகிதம் தோராயமாகப் பத்து லட்சம். ஒரு மில்லிகிராம் படலம் ஒரு லிட்டர் தண்ணீரில் இருப்பதைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் என்று இதற்குப் பொருள். அந்தச் சின்னச் சதுரம் 9 லிட்டர் மண்ணீருக்குச் சமம். விளைமண்ணைப் பிழிந்து 9 லிட்டர் தெளிந்த தண்ணீர் எடுப்பதை யோசித்துப் பாருங்கள். முடியாத காரியம். எடுத்தாலும் அதில் மிதக்கும் நுண்மண் கணக்கைக் கெடுக்கும்.

சரி, எந்தப் படலம்? பாலித்தீன் மலிவு, மெல்லியது, சீக்கிரம் சமநிலைக்கு வரும். டி.டி.டி., டி.டி.இ., பி.சி.பி. (பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த மாசு) போன்ற எண்ணெய்ப்பசை கூடிய, அதாவது தண்ணீரை ஒதுக்கி எண்ணெயில் சேரும் பொருள்களுக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் சித்தி விளையில் முதல் சந்தேகம் பி.எச்.சி. மேல். அது தண்ணீரோடு ஓரளவு உறவாடும் பொருள். பாலித்தீனுக்குள் அதன் விகிதம் ஆயிரத்தைச் சுற்றியோ அதற்குக் கீழேயோதான். ஒரு மில்லிகிராம் படலம் ஒரு மில்லிலிட்டர் தண்ணீருக்குத்தான் சமம் என்று ஆகிவிடும். எண்டோசல்ஃபானுக்கும் அதன் சல்ஃபேட்டுக்கும் இதே தொந்தரவு. பாலியாக்சிமெத்திலீன் படலத்தின் சங்கிலியில் ஆக்சிஜன் இருப்பதால் இப்படிப்பட்ட பொருள்களை அது பாலித்தீனைவிட நன்றாக இழுக்கும். விறைப்பானது, மண் ஒட்டாது, துடைத்தால் பளிச்சென்று வந்துவிடும். பொருள் அதற்குள் நகர்வது மெதுவாக இருப்பதால் பொறுமை வேண்டும். 76 மைக்ரான் படலத்தை மண்கரைசலோடு பாட்டிலில் போட்டு வழக்கமாக 28 நாள் குலுக்குகிறார்கள். சிலிகான் ரப்பரும் நல்ல பொருள்தான். ஆனால் முன்சுத்தம் சரியில்லாவிட்டால் அதிலிருந்து கசியும் சிலிகான் துணுக்குகள் கருவியை நாசம் செய்யும். நான் அதைத் தொடவில்லை. பாலியாக்சிமெத்திலீனை முதலாகவும், டி.டி.இ.க்காக ஒரு பாலித்தீன் துண்டைத் துணையாகவும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். தனித்தனிப் பாட்டிலில்தான், ஒன்றாகப் போடக்கூடாது.

அடுத்த தேர்வு இதைவிட முக்கியம். படலத்தை விளையிலேயே மண்ணுக்குள் சொருகி வைப்பதா, மண்ணை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து பாட்டிலில் குலுக்குவதா?

நிலத்திலேயே வைப்பது கேட்க அழகாக இருக்கும். மண் கலையாது, மழையும் வெயிலும் உள்ளபடியே இருக்கும். துருப்பிடிக்காத வலைக்குள் படலத்தை வைத்துச் சொருகி, சில வாரம் கழித்து உருவலாம். ஆனால் படலத்தைச் சுற்றியுள்ள மண் தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டபின், தூரத்து மண்ணிலிருந்து வந்து சேர நாளாகும். காய்ந்த விளையில் மண்துகளுக்கிடையே தண்ணீரின் தொடர்ச்சியே அறுந்துபோவதால் அந்த வரத்து இன்னும் மெலியும். டி.டி.இ. ஒரு மாதத்தில் சமநிலையை எட்டாது. எத்தனை தூரம் எட்டியது என்று தெரிந்துகொள்ள, இயற்கையில் இல்லாத அடையாளமிட்ட பொருள்களைப் படலத்தில் முன்பே ஏற்றி, அவற்றில் எவ்வளவு வெளியேறியது என்று பார்க்கிறார்கள். அந்த அடையாளப் பொருள்கள் இறக்குமதி, விலையும் கூடுதல். எண்ணெய்ப்பசை மிகுந்தவை ஒரு மாதத்தில் அசையவே அசையாததால் திருத்தக் கணக்கும் ஆட்டம் காணும். போதாததற்குக் கோழி கிண்டும், பெருச்சாளி தோண்டும், பால்வெட்டுக்கு வருகிறவர் கால் தட்டும்.

வயல் என்றால் என் பதில் வேறு. கன்னிப்பூவோ கும்பப்பூவோ, எந்த நெற்போகமானாலும், நாஞ்சில் நாட்டு வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் சேற்றுக்குள் படலத்தைச் சொருகினால் நன்றாக வேலை செய்யும். தேரூர்க் குளம் போன்ற இடத்தின் அடிச்சேற்றுக்கும் அப்படியே. இந்த முறை வளர்ந்ததே அடிச்சேற்று ஆராய்ச்சியில்தான். ஈரம் குறைந்த செம்மண் விளைக்கு அதை அப்படியே தூக்கிவர முடியாது.

பாட்டில் வழியில் இயற்கை கொஞ்சம் போகும், கட்டுப்பாடு கையில் வரும். மண்ணை உலர்த்தவே வேண்டாம், ஈரத்தோடு போடலாம். பி.எச்.சி. ஆவியாகிப் போகும் குணமுள்ளது என்பதால் இது சின்ன லாபமில்லை. சித்தி விளை மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பழுப்புப் பாட்டிலில் ஊற்றினால் பால் விட்ட சாயா நிறத்தில் நிற்கும். நுண்ணுயிர்கள் தின்றுவிடாமல் இருக்கக் கொஞ்சம் சோடியம் அசைடு. அது கடும் விஷம். கழிவைத் தொட்டியில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாயில் வெடிக்கும் உப்பாகச் சேரும், தனிப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். படலத்தைப் போட்டு மூடி, குலுக்கியில் 28 நாள். கரண்ட் போனால் குலுக்கி நிற்கும், அந்த நேரத்தைக் குறித்து வைத்து நீட்ட வேண்டும். கடைசி நாளில் இடுக்கியால் எடுக்கும்போது படலத்தில் செம்மண் ஒரு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். ஈரத் தாளால் துடைக்கத் துடைக்கக் கண்ணாடிபோல் தெளியும். ஒரு செம்புள்ளிகூட மிச்சம் இருக்கக்கூடாது. அந்தப் புள்ளிக்குள் மண்ணின் மருந்து இருக்கிறது, அது படலத்தின் கணக்கில் ஏறிவிடும்.

பாட்டில் முறையில் பலர் கோட்டைவிடுவது மண்ணின் அளவில். படலம் மண்ணிலிருந்து கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். நிறைய உறிஞ்சிவிட்டால் நாம் அளப்பது மருந்து வற்றிப்போன மண்ணை. படலமும் மண்ணின் அங்ககக் கரிமமும் (மட்கிலும் கரியிலும் உள்ள கார்பன்) இந்த மருந்துகளை ஏறக்குறைய ஒரே பலத்தில் இழுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், நூற்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காமலிருக்கப் படலத்தின் எடையைப்போல் நூறு மடங்கு கரிமம் பாட்டிலில் இருக்க வேண்டும். 9 மில்லிகிராம் படலத்துக்கு 0.9 கிராம் கரிமம். கரிமம் 1 சதவீதமுள்ள விளைமண் என்றால் 90 கிராம். 0.2 சதவீதமே உள்ள கடற்கரை மணல் என்றால் 450 கிராம். பாலியாக்சிமெத்திலீன் கனமானது, 76 மைக்ரானில் ஒரு சதுர சென்டிமீட்டரே ஏறக்குறைய 11 மில்லிகிராம் வரும். அதனால் சிறிதாக வெட்ட வேண்டும். மண்வள அட்டையில் அங்ககக் கரிம எண் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பாட்டிலில் மண் போடக்கூடாது.

வெற்றுப் பாட்டிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், சுத்தம் செய்த படலங்களை ஓர் இரவு மேசையில் திறந்தபடி விட்டுவிட்டார்கள். மறுமாதம் மண்ணே போடாத பாட்டிலின் படலத்தை அளந்தபோதும் கருவியின் வரைபடத்தில் பி.எச்.சி. உச்சிகள். காற்றிலிருந்தே குடித்திருக்கிறது. அந்த ஒரு மாத வேலையும் குப்பைக்குப் போனது. படலத்தைக் கரைப்பானில் கழுவியதும் அலுமினியத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மண் எடுக்கப் போகும்போது ஒரு துண்டை விளைக்குக் கொண்டுபோய், திறந்து, மூடி, திரும்பக் கொண்டுவந்து அதையும் அளக்க வேண்டும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெனாக்ஸ் என்ற உறிஞ்சுதூளை மண் கரைசலில் கலந்து, எளிதில் விட்டுவரும் பங்கை மட்டும் வாரியெடுக்கும் முறை ஒன்று உண்டு. நல்ல முறை, ஐ.எஸ்.ஓ. தரமும் இருக்கிறது, தூள்தான் விலை. மண்புழுவை விட்டு வளர்த்து அளப்பது உயிருள்ள சாட்சி. ஆனால் புழு சாகும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஏற்றும். மண்ணுக்கு மேலே பாலியூரித்தேன் நுரைத்தட்டைத் தொங்கவிடுவது காற்றில் கிளம்புவதைக் காட்டும். சித்தியின் கேள்வி அது இல்லை.

கேள்வி என்றதும் முட்டைக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே நானே முதலில் தடுமாறினேன். பாசிவ் சாம்ப்ளர் காட்டுவது தண்ணீரில் நடமாடும் பங்கை. வேருக்கும் கிணற்றுக்கும் மண்புழுவுக்கும் அது சரியான அளவு. கோழியோ மண்ணையே விழுங்குகிறது. அதன் குடலின் பித்தமும் கொழுப்பும், வெறும் தண்ணீருக்கு விடாத மருந்தையும் மண்ணிலிருந்து கழற்றும். அதனால் படலம் குறைவாகக் காட்டினாலும் முட்டையில் கூடுதலாக இருக்கலாம். மஞ்சள்கருவின் கொழுப்பில்தான் இவை சேரும். ஆக, முட்டையைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால் முட்டையையே சோதிப்பதுதான் நேர்வழி. முட்டையில் இருக்கக்கூடிய எச்சத்துக்கு உணவுப் பாதுகாப்பு வரம்பும் உண்டு, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்படியென்றால் படலம் எதற்கு? விளையை என்ன செய்வது என்ற அடுத்த கேள்விக்கு. ஒன்றரை ஏக்கர் மேல்மண்ணை அள்ளி எங்கே கொட்டுவது? யார் தலையில்? பக்கத்திலேயே பரளியாறு ஓடுகிறது. அள்ளாமல் அடக்கும் வழி ஒன்று இருக்கிறது: கரி. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஹன்டர்ஸ் பாயின்ட்டில் பி.சி.பி. கலந்த சேற்றில் செயலூட்டிய கரியை (நுண்துளைகள் பெருகும்படி பதப்படுத்திய கரி) கலந்து, நடமாடும் பங்கைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். நம்மிடம் சிரட்டைக்கா பஞ்சம்? சிரட்டையிலிருந்து செயலூட்டிய கரி செய்யும் தொழில் தமிழ்நாட்டில் நன்றாக நடக்கிறது. கரி கலந்தபின் சாக்ஸ்லெட்டில் கொதிக்கவைத்தால் மருந்தின் பெரும்பகுதி அப்படியே வரும். ‘ஒன்றும் மாறவில்லை’ என்று தாள் சொல்லும். மண்ணீரில் எவ்வளவு குறைந்தது, மரச்சீனி வேருக்கு எவ்வளவு போகிறது என்பதைப் படலம்தான் காட்டும். கரியை எத்தனை சதவீதம் கலப்பது, அடுப்படிச் சிரட்டைக்கரி போதுமா, செயலூட்டியதுதான் வேண்டுமா என்பதைப் பாட்டிலிலேயே சோதித்துவிடலாம். விளையில் ஒரு கூடை கொட்டும் முன்பே விடை கையில் இருக்கும்.

முடிவு இப்படி அமைந்தது. முட்டை முதலில்: கிட்டங்கிப் பக்கம் மேயும் கோழிகளின் முட்டை ஆறை ஒன்றாகக் கலந்து ஒரு மாதிரி, மார்த்தாண்டம் சந்தையில் வாங்கிய பண்ணை முட்டை ஒப்பீட்டுக்கு. மண்ணின் மொத்த அளவு ஐந்தே இடத்தில்: கிட்டங்கித் தரை, சரிவில் இரண்டு, கோழி கிண்டும் முற்றம், சரிவுக்கு எதிர்ப்பக்கம் ஒன்று. முற்றத்தில் மேல் ஐந்து சென்டிமீட்டர் மட்டும், ஏனென்றால் கோழியின் அலகு அதற்குக் கீழே போகாது. மற்ற இடங்களில் பதினைந்து சென்டிமீட்டர். படலச் சோதனை இந்த ஐந்துக்கும், சரிவு நெடுக இன்னும் ஏழு இடத்துக்கும், கரி கலந்த மூன்று பாட்டிலுக்கும். நிலத்தில் சொருகுவதை விட்டுவிட்டேன். மொத்தச் சோதனையைப் பன்னிரண்டு இடத்துக்கும் செய்து படலத்தைக் கைவிடலாமே என்று உடன் வேலை செய்கிற அக்கா கேட்டார்கள். பணம் ஏறக்குறைய அதேதான் ஆகும். ஆனால் கரி வேலை செய்ததா என்பதை அது ஒருநாளும் சொல்லாது. அதனால் ஒப்புக்கொள்ளவில்லை.

போன சனிக்கிழமை மம்பட்டியும் கண்ணாடி ஜாடிகளுமாக விளைக்குப் போனோம். கிட்டங்கித் தரையை ஒரு சாண் வெட்டியதும், இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பூஞ்சணமும் மருந்தும் கலந்த பழைய வாடை முகத்தில் அடித்தது. சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்முன் தெற்குப் பக்கத்தில் பழைய மீன்வலையால் கோழிக்கு அடைப்பு கட்டியாகிவிட்டது. முட்டையின் விடை வரும்வரை பேத்திக்குக் கடை முட்டை. பாட்டில்கள் திங்கட்கிழமை குலுக்கியில் ஏறின. 28 நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.